நிறுத்தப்பட்ட கணினி மொழியின் மூலநிரலைத் திறந்தால் நமக்கு என்ன? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வியாபார மென்பொருள்களைப் பழுதுபார்ப்பதும், அவற்றிலுள்ள தரவைப் புதியவற்றுக்கு மாற்றிக் கொடுப்பதும் யாழ்ப்பாணத்தில் என் பிழைப்பு. கஸ்தூரியார் வீதி நகைக்கடையிலும் சுன்னாகத்து மொத்த வியாபாரியிடமும் கூட்டுறவுச் சங்கங்களிலும் திரும்பத் திரும்பச் சந்திப்பது மைக்ரோசொஃப்ட் நிறுவனம் நிறுத்திவிட்ட விஷுவல் பேசிக் 6 மொழியில் எழுதிய நிரல்களைத்தான். “அந்த மொழியின் மூலநிரலை நிறுவனம் திறந்துவிட்டிருந்தால் இத்தனை பாடு இல்லை” என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் அதே சந்தேகங்கள் எழுகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

தம்பி, மூலநிரல், திறந்த மூலம் என்கிறீர்களே, கடைக்காரனுக்கு விளங்கும்படி சொல்லுங்கள்.

நிரலாளர் எழுதுவது மனிதர் வாசிக்கக்கூடிய உரை. அதுதான் மூலநிரல். தொகுப்பி என்னும் இன்னொரு நிரல் அதைக் கணினி நேரடியாக ஓட்டக்கூடிய கோப்பாக மாற்றுகிறது. உங்கள் கடைக் கணினியில் இருப்பது அந்த இரண்டாவது வடிவம் மட்டுமே. அதை ஓட்டலாம்; வாசித்துத் திருத்த இயலாது.

தொகுப்பியும் ஒரு நிரல்தான், அதற்கும் மூலநிரல் உண்டு. மொழியின் மூலநிரலைத் திறப்பது என்றால், அந்தத் தொகுப்பியையும் அதனுடன் வரும் துணைக் கோப்புகளையும் எவரும் வாசிக்கவும் திருத்தவும் திருத்தியதைப் பிறருக்குக் கொடுக்கவும் அனுமதிக்கும் உரிமத்துடன் வெளியிடுவது. இலவசமாகத் தருவது வேறு. போர்லண்ட் நிறுவனம் டர்போ பஸ்கால் என்ற தன் தொகுப்பியின் பழைய பதிப்புகள் சிலவற்றை இலவசமாகப் பதிவிறக்க விட்டது. தொகுப்பியின் மூலநிரலைத் தரவில்லை.

மொழியை நிறுத்திவிட்டார்கள் என்றால் எங்கள் பில் மென்பொருள் ஒருநாள் சட்டென்று நின்றுவிடுமா?

நிற்காது. விஷுவல் பேசிக் 6 வெளியானது 1998 இல். மைக்ரோசொஃப்ட் அதற்கான பொது ஆதரவை 2005 மார்ச்சில் முடித்தது. 2008 ஏப்ரல் 8 உடன் நீடித்த ஆதரவும் முடிந்தது. ஆனால் அந்த நிரல்கள் ஓடுவதற்குத் தேவையான இயக்கக் கோப்புகள் விண்டோஸுடன் இன்றுவரை வருகின்றன. நிறுத்தப்பட்டது நிரல் எழுதும் கருவி; ஓடும் வசதி அல்ல.

நமக்கு இதில் ஒரு துரதிர்ஷ்டம். போரால் மூடியிருந்த, யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை 2002 இல் திறந்த பின்தான் இங்கே கணினிகள் தாராளமாக வந்தன. மூலைக்கு மூலை கணினி நிலையம் முளைத்து, விஷுவல் பேசிக் 6 கற்பித்தது. அதே 2002 இல்தான் மைக்ரோசொஃப்ட் டொட்நெட் என்ற புதிய நிரலாக்கத் தளத்தை வெளியிட்டு, விஷுவல் பேசிக் என்ற பெயரையே தாங்கிய, ஆனால் பழைய நிரல்களை அப்படியே ஏற்காத புது மொழியைக் கொடுத்தது. விடைபெற்றுக்கொண்டிருந்த மொழியை நாம் வாசலில் நின்று வரவேற்றோம்.

ஓடுகிறதுதானே? ஓடுகிற வண்டியை ஏன் கழற்ற வேண்டும்?

உலகம் மாறாமல் இருந்தால் கழற்றத் தேவையில்லை. ஆனால் 2016 முதல் தேசிய அடையாள அட்டை இலக்கம் 12 இலக்கங்களாகிவிட்டது. பழைய நிரல்களில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் என்று பத்து இடங்களே ஒதுக்கப்பட்டிருக்கும். அடகு பிடிக்கும் கடையொன்றில் கடைசி இரண்டு இலக்கங்களை முகவரிப் பெட்டியில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்தேன். வற் வரி 2022 இல் 8 வீதத்திலிருந்து 12 ஆகவும் பின் 15 ஆகவும் உயர்ந்து, 2024 ஜனவரியில் 18 ஆனது. வீதத்தை நிரலுக்குள்ளேயே எழுதிவிட்டுப் போன நிரலாளரை அன்றைக்கு எத்தனை பேர் கனடாவுக்குத் தொலைபேசி எடுத்துத் தேடியிருப்பார்கள்!

இன்னொரு பக்கம் கணினியும் மாறுகிறது. விஷுவல் பேசிக் 6 உருவாக்குவது 32 பிட் நிரல்களை மட்டும். விண்டோஸ் 11 இல் 32 பிட் பதிப்பே கிடையாது. பழைய 32 பிட் நிரல்கள், அவற்றுக்காக விண்டோஸில் விட்டுவைத்த ஓர் இடைப்படுகையின் தயவில் ஓடுகின்றன. விண்டோஸ் 10 க்கான பொது ஆதரவும் 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது.

அப்படியானால் மைக்ரோசொஃப்ட் மொழியைத் திறந்தால் எங்கள் கடை மென்பொருளைத் திருத்தலாம், அப்படித்தானே?

இல்லை. அதிகம் குழப்பம் வருவது இங்கேதான். திறக்கப்படுவது மொழியின் மூலநிரல். உங்கள் கடை மென்பொருளின் மூலநிரல் அதை எழுதியவரிடம் இருக்கிறது, அல்லது அவருடைய பழைய வன்தட்டோடு போய்விட்டது. மைக்ரோசொஃப்ட் நாளைக்கே எல்லாவற்றையும் வெளியிட்டாலும் உங்கள் வற் வீதம் 15 இலேயே நிற்கும்.

ஆகவே இரண்டு மூலநிரல்களும் வேண்டும். உங்களுடையதை இன்றே தேடுங்கள். மொழியினுடையது கிடைத்தால் என்ன பயன் என்பது அடுத்த கேள்வி.

சரி, எங்களுடைய மூலநிரல் கையில் இருக்கிறது. மொழியும் திறந்தால் மேலதிகமாக என்ன இலாபம்?

முதலாவது, பழைய நிரலை 64 பிட்டுக்கோ லினக்ஸுக்கோ தொகுத்துத் தரும் தொகுப்பியை வேறொருவர் உருவாக்க முடியும். உங்கள் நிரலை மீண்டும் எழுத வேண்டியதில்லை. மீண்டும் தொகுத்தால் போதும்.

இரண்டாவதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். மொழியை விட்டு வெளியேறுவது இலகுவாகும். புதிய மொழிக்கு மாற்றும்போது பழையது ஒவ்வொரு இடத்திலும் சரியாக என்ன செய்தது என்று தெரிய வேண்டும். ஒரு சிறு உதாரணம்: விஷுவல் பேசிக் 6 இல் பின்னத்தை முழு எண்ணாக்கும் ‘ரவுண்ட்’ கட்டளை 2.5 ஐ 2 ஆக்கும், 3.5 ஐ 4 ஆக்கும். பாதியில் நின்றால் அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குப் போகும். எண்ணைக் காட்டும் வடிவத்துக்கு மாற்றும், அதே மொழியின் ‘ஃபோர்மட்’ கட்டளையோ 2.5 ஐ 3 ஆக்கும். பிஎச்பி மொழியின் ‘ரவுண்ட்’ கட்டளையும் 3 என்றே சொல்லும். சதத்தை அருகிலுள்ள முழு ரூபாவாக்கும் கணக்கை ஆராயாமல் பிஎச்பிக்கு மாற்றினால், மாத முடிவில் பழைய பேரேடும் புதிய பேரேடும் சில ரூபாய்களால் முரண்படும். கணக்கர் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

இந்த ஒன்று ஆவணங்களில் எழுதப்பட்டிருக்கிறது. எழுதப்படாத நடத்தைகள் எத்தனையோ: பிழை நேர்ந்தால் நினைவகத்தில் நிரல் பிடித்துவைத்தவை எந்த ஒழுங்கில் விடுவிக்கப்படும், திகதியைக் குறைவாக எழுதினால் எதை ஆண்டாக எடுக்கும் என்பவை போல. இன்றைக்கு அவற்றை ஓட்டிப்பார்த்து ஊகிக்கிறோம். மூலநிரல் இருந்தால் வாசித்துத் தெரிந்துகொள்ளலாம். மொழி உயிர்பெற்று எழ வேண்டும் என்பதல்ல என் ஆசை. அதில் மாட்டிக்கொண்டவர்கள் தங்கள் வசதிக்கேற்ற நேரத்தில் வெளியேற வழி வேண்டும்.

தமிழுக்கு இதில் ஏதாவது இருக்கிறதா? அல்லது எல்லாம் ஆங்கிலக்காரர் கதையா?

என்னைக் கேட்டால், இழப்பு அதிகம் நமக்குத்தான். விஷுவல் பேசிக் 6 உள்ளுக்குள் எழுத்துகளை, எல்லா மொழிகளுக்கும் பொதுவான யுனிகோடு முறையில்தான் வைத்திருக்கிறது. ஆனால் திரையில் காட்டும் பெட்டிகளும் பொத்தான்களும் ‘ஆன்சி’ எனும் பழைய முறையில் இயங்குகின்றன. அந்த முறையில் ஒவ்வொரு மொழிக்கும் விண்டோஸில் ஒரு குறியீட்டுப் பக்கம் வேண்டும். யப்பானியருக்கு இருந்தது, அரபியருக்கு இருந்தது, ரஷ்யருக்கும் இருந்தது. தமிழுக்கு ஒருபோதும் இருக்கவில்லை. விண்டோஸில் தமிழ் யுனிகோடாக மட்டுமே வந்தது. ஆகவே யப்பானியர் தங்கள் கணினியின் மொழியமைப்பை மாற்றிச் சமாளித்தார்கள். நாம் எந்த அமைப்பை மாற்றினாலும் பெட்டிக்குள் தெரிந்தது கேள்விக்குறிகளின் வரிசை.

அதனால்தான் எல்லோரும் பாமினி எழுத்துருவிடம் போனோம். பாமினியில் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்து. வடிவம் மட்டும் தமிழ். “யாழ்ப்பாணம்” என்று நீங்கள் திரையில் பார்ப்பது தரவுத்தளத்தில் ஏ, எச், ஓ, அரைப்புள்ளி, ஜி, அரைப்புள்ளி, ஜி, எச், இஸட், கே, அரைப்புள்ளி என்று கிடக்கிறது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அந்தக் குப்பைதான் தெரியும். பெயர்களை அகர வரிசைப்படுத்தச் சொன்னால் ஆங்கில வரிசையில் அடுக்கும். யகரத்தில் தொடங்குவோர் பட்டியலின் தலையில் வந்து நிற்பார்கள்.

அந்தப் பெட்டிகளின் மூலநிரல் திறந்திருந்தால், அவற்றை யுனிகோடுக்கு மாற்றும் வேலையை இங்கேயோ சென்னையிலோ சிங்கப்பூரிலோ யாராவது ஒரு தமிழர் செய்திருப்பார் என்று நம்புகிறேன். உரிமையாளருக்குச் சந்தை சிறிது. அவர் செய்யாதது ஆச்சரியமில்லை. செய்ய விரும்புகிறவனுக்கும் கதவு பூட்டியிருந்ததுதான் வருத்தம்.

மூலநிரலை ஊருக்கெல்லாம் கொடுத்தால் கள்ளனிடம் வீட்டுத் திறப்பைக் கொடுத்ததுபோல் ஆகாதா?

நியாயமான பயம். ஆனால் இன்டர்பேஸ் தரவுத்தளத்தின் கதையைக் கேளுங்கள். அது மொழி அல்ல, ஆனாலும் பாடம் ஒன்றுதான். 2000 ஆம் ஆண்டு நடுப்பகுதியில் போர்லண்ட் அதன் மூலநிரலைத் திறந்தது. சில மாதங்களில் அதை வாசித்தவர்கள் உள்ளே ஓர் இரகசியக் கணக்கு நிரந்தரமாக எழுதப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். பயனர் பெயர் ‘பொலிட்டிக்கலி’, கடவுச்சொல் ‘கரெக்ட்’. அதைத் தெரிந்த எவரும் அந்தத் தரவுத்தளங்களுக்குள் நுழையலாம். மூலநிரல் மூடியிருந்தபோது பல ஆண்டுகள் அது உள்ளே கிடந்தது. விற்றவர்களும் வாங்கியவர்களும் பாதுகாப்பாக இருப்பதாக எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் திறந்த பின் திருத்த ஆட்கள் வேண்டும். வாசிப்பவர்களில் கெட்டவர்களும் இருப்பார்கள். திருத்துகிறவர் எவருமே இல்லையென்றால் உங்கள் பயம் உண்மையாகிவிடும். இன்டர்பேஸிலிருந்து பிறந்த ஃபயர்பேர்ட் இன்றும் பராமரிக்கப்படுகிறது. எல்லாவற்றுக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை.

நிறுவனம் ஏன் கொடுக்க வேண்டும்? அவர்களுடைய சொத்து, அவர்களுடைய விருப்பம்.

கட்டாயப்படுத்த எவருக்கும் உரிமை இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விற்காத பொருளைப் பூட்டிவைப்பதால் பணம் வருவதில்லை. திறந்தால் பழைய வாடிக்கையாளரின் கோபம் தணியும். 2005 இல் விஷுவல் பேசிக்கைத் தொடரச் சொல்லி மனுவில் கையெழுத்திட்டவர்களில், மைக்ரோசொஃப்டே தன் மதிப்புமிக்க வல்லுநர்கள் என்று பட்டம் சூட்டியவர்கள் பலர் இருந்தார்கள். தன் சொந்தப் பிரசாரகர்களே எதிர்த்து எழுதும் நிலை ஒரு நிறுவனத்துக்கு நல்லதல்ல. அடுத்த மொழியைக் கொண்டுவரும்போது “இதையும் கைவிடமாட்டீர்கள் என்பதற்கு என்ன உறுதி?” என்று கேட்பார்கள்.

மைக்ரோசொஃப்ட் இப்போது எதையெதையோ திறக்கிறதே. இதை மட்டும் ஏன் திறக்கவில்லை?

2014 இல் டொட்நெட்டின் புதிய தொகுப்பியைத் திறந்தார்கள். 2020 இல் ஜிடபிள்யூ பேசிக் என்ற பழைய மொழியையும், 2024 இல் விண்டோஸுக்கு முந்திய இயங்குதளமான எம்எஸ் டொஸ் 4.0 ஐயும், 2025 இல் 6502 என்ற பழைய சில்லுக்கான பேசிக்கையும் திறந்தார்கள். இவற்றில் பழையவை முற்றாக இறந்தவை. எவருடைய வியாபாரத்தையும் தொடாதவை.

விஷுவல் பேசிக் 6 அப்படியல்ல. அதன் உறவினரான விபிஏ, விரிதாளுக்குள்ளேயே சிறு நிரல்கள் எழுதும் மொழியாக, இன்றைக்கும் எக்செலுக்குள் உயிரோடு இருக்கிறது. இரண்டுக்கும் பொதுவான பகுதிகள் உண்டு. இயந்திர மொழியாக மாற்றும் கடைசிக் கட்டம் விஷுவல் சி++ தொகுப்பியிடமிருந்து எடுக்கப்பட்டது. கூடவே வந்த, திரையில் வைக்கும் பெட்டி போன்ற ஆயத்த உறுப்புகள் சில வெளி நிறுவனங்களிடம் உரிமம் பெற்றவை. இன்னும் விற்கும் பொருளின் உள்ளுறுப்புகளையும் பிறருடைய சொத்தையும் பிரித்தெடுக்காமல் இதை வெளியிட முடியாது. அந்த வேலைக்குச் சம்பளம் கொடுக்க எவருக்கும் மனம் வராது. இது என் கணிப்பு, மைக்ரோசொஃப்டின் விளக்கம் அல்ல.

நிரல்களைப் பகிரும் கிற்ஹப் தளத்தில் மூலநிரலைப் போட்டுவிட்டால் வேலை முடிந்ததா?

இல்லை. ஜிடபிள்யூ பேசிக்கையே பாருங்கள். சில்லின் கட்டளைகளுக்கு நெருக்கமான அசெம்பிளி மொழியில் எழுதிய 1983 ஆம் ஆண்டின் நிரல், எவரும் பயன்படுத்தவும் திருத்தவும் விடும் எம்ஐடி உரிமத்துடன் வந்தது. அதைத் தொகுப்பதற்கான கருவிகளோ அறிவுறுத்தல்களோ வரவில்லை. திருத்தங்களையும் ஏற்கமாட்டோம், இது வரலாற்றுக்காக மட்டும் என்று சொல்லிவிட்டார்கள். அருங்காட்சியகத்துக்கு அது போதும். கடைக்குப் போதாது.

உதவுகிற வெளியீட்டில் தொகுக்கும் முறை, சோதனை நிரல்கள், கோப்பு வடிவங்களின் விளக்கம், பிறருக்குச் சொந்தமான பகுதிகள் எவை என்ற குறிப்பு, தெளிவான உரிமம் எல்லாம் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் கேட்கச் சொன்னால் சோதனை நிரல்களைக் கேட்பேன். மேலே சொன்ன 2.5 விவகாரம் போன்றவை சரியாக வருகின்றனவா என்று மாற்றுத் தொகுப்பி எழுதுபவர் அவற்றை வைத்தே பார்த்துக்கொள்வார்.

திறந்ததால் பிழைத்த மொழி ஏதாவது இருக்கிறதா? பெயர் சொல்லுங்கள் பார்ப்போம்.

டிலன். அப்பிள் நிறுவனத்தில் உருவாகி 1995 இல் அங்கே கைவிடப்பட்டது. ஹார்லிக்குவின் நிறுவனம் தனியாக ஒரு தொகுப்பி செய்தது. அது கைமாறி, 2004 இல் மூலநிரல் திறக்கப்பட்டு, ஓப்பன் டிலன் என்று இன்றும் ஒரு சிறு குழுவிடம் இருக்கிறது. புகழ் பெறவில்லை, ஆனால் அதில் நிரல் வைத்திருப்பவருக்கு இன்றைய கணினியில் ஓடும் தொகுப்பி உண்டு. ரெபோல் என்ற மொழியும் 2012 இறுதியில் திறக்கப்பட்டது.

திறக்காமலே பிழைத்தவையும் உண்டு. டொஸுக்கு இனி டர்போ பஸ்கால் வராது என்ற நிலையில் 1993 இல் ஒரு மாணவர் தொடங்கியதுதான் ஃபிரீ பஸ்கால். கிளிப்பர் என்ற பழைய தரவுத்தள மொழி பழகியவர்களுக்கு ஹார்பர் என்ற தொகுப்பி இருக்கிறது. அதன் மூலநிரல் எவரும் கொடுத்ததல்ல, வெளியிலிருந்து பார்த்துப் புதிதாக எழுதியது. மறுதிசையில் லைவ்கோட் என்ற மொழி: 2013 இல் பொதுமக்களிடம் பணம் திரட்டித் திறந்தார்கள், 2021 இல் திறந்த பதிப்பை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் அதுவரை வெளியான மூலநிரலை எவராலும் திருப்பி வாங்க முடியவில்லை.

பல்கலைக்கழகத்தில் பைதன் படிக்கிறேன். இந்தப் பிணங்களைப் படித்து எனக்கு என்ன?

வேலை தேடித் தராது. ஆனால் பாடப்புத்தகத்துத் தொகுப்பி வேறு, கோடிக்கணக்கானோர் பயன்படுத்திய தொகுப்பி வேறு. முன்னதில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். பின்னதில், குறைந்த நினைவகத்துக்குள் அடக்கச் செய்த தந்திரங்களையும் பழைய வாடிக்கையாளருக்காக வேண்டுமென்றே விட்டுவைத்த பிழைகளையும் காணலாம்.

இப்போது எவருமே விற்காத பொருள்தானே? நானே பிரித்தெடுத்து வெளியிட்டால் யார் கேட்பது?

சட்டம் கேட்கும். இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் படைப்புகளாகவே பாதுகாக்கிறது. பொதுவான பாதுகாப்புக் காலம் படைத்தவரின் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டுகளும். விற்பனை நின்றதால் உரிமை போய்விடுவதில்லை.

கசிந்த மூலநிரல் கையில் கிடைத்தாலும் தொடாதீர்கள். அதைப் படித்துவிட்டு எழுதும் மாற்றுத் தொகுப்பி முழுவதன் மீதும் சந்தேகம் விழும். ஹார்பர் போன்ற முயற்சிகள் நிலைத்தது வெளியிலிருந்து பார்த்து எழுதியதால்தான். உங்கள் சொந்த நிரலை அதை எழுதியவரின் சம்மதத்துடன் திருத்துவது வேறு விடயம், அதில் தடையில்லை.

திறப்பார்கள் என்று காத்திருக்க முடியாது. இப்போது என்ன செய்வது?

காத்திருக்க வேண்டாம். நிரலின் மூலநிரலை எழுதியவரிடமிருந்து எழுத்துமூலச் சம்மதத்துடன் வாங்குங்கள். விஷுவல் பேசிக் 6 இறுவட்டும் ஆறாவது திருத்தப் பொதியும் எவரிடமாவது சட்டப்படி இருந்தால், ஒரு மெய்நிகர் கணினிக்குள் (கணினிக்குள் நிரலாக ஓடும் இன்னொரு கணினி) நிறுவி அந்தக் கணினியையே ஒரு கோப்பாகப் பிரதி எடுத்து வையுங்கள். இறுவட்டில் பூஞ்சணம் பிடித்த பிறகு என்னிடம் வருகிறவர்களே அதிகம்.

அடுத்தது தரவு. அதை வெறும் உரைக் கோப்புகளாக வெளியே எடுத்து, பாமினியை யுனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆங்கிலமும் பாமினியும் ஒரே பெட்டியில் கலந்திருக்கும் இடங்களை மட்டும் கண்ணால் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பொருட்பட்டியலில் ‘பனடோல்’ என்று ஆங்கிலத்தில் இருந்தது வாயில் நுழையாத தமிழாகிவிடும். தரவு வெளியே வந்துவிட்டால் நிரலைப் பற்றி ஆறுதலாக முடிவெடுக்கலாம். விஷுவல் பேசிக் 6 நிரலை 64 பிட்டுக்குத் தொகுக்கும் ட்வின்பேசிக்கை முயலலாம். அது திறந்த மூலம் அல்ல என்பதை மறக்க வேண்டாம். விஷுவல் பேசிக்கைப் போன்ற காம்பாஸ் மொழி திறந்த மூலம்தான். ஆனால் பழைய நிரலை அப்படியே ஏற்காது.

அடுத்த மென்பொருளைத் திறந்த மூல மொழியில் எழுதுவித்தால் இந்தத் தொல்லை இனி வராதா?

வரும், ஆனால் வேறு விதமாக. பைதன் 2 திறந்த மூலம்தான். அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1 உடன் முடிந்தது. அதில் எழுதியவர்கள் எல்லோரும் மாற்ற வேண்டியிருந்தது. வேறுபாடு என்னவென்றால், மாற்ற முடியாதவர்களுக்கு வழி இருந்தது: பைதன் நிரல்களை ஓட்டும் இன்னொரு நிரலான பைபை, பைதன் 2.7 ஐ இன்னும் ஓட்டுகிறது; காசு வாங்கிக்கொண்டு பழைய பதிப்பைப் பராமரித்த நிறுவனங்களும் உண்டு. விஷுவல் பேசிக் 6 இன் தொகுப்பியைக் காசு கொடுத்தாலும் வெளியார் எவராலும் திருத்த முடியாது.

எந்த மொழியாக இருந்தாலும் கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்குமுன் மூலநிரலை வாங்கி, நிரலாளரின் மடிக்கணினியில் அல்லாமல் உங்கள் கணினியில், உங்கள் முன்னாலேயே ஒருதடவை தொகுத்துக் காட்டச் சொல்லுங்கள்.